ராண்ட்() போட்டும் அதே கருவாட்டுக் கடை திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கீழக்கரை_கோடு:
பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி என்று 240 கருவாட்டு வியாபாரிகள் உள்ள டேபிள். முதலிடம் ஒரே கடைக்குப் போகக் கூடாது என்பதால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'ஆர்டர் பை ராண்ட்() லிமிட் 20' (தற்செயல் வரிசையில் 20 கடை), அடுத்தடுத்த பக்கத்துக்கு ஆஃப்செட் (முன் பக்கங்களின் வரிகளைத் தாண்டிப் போக). முதல் பக்கக் கடை மூன்றாம் பக்கத்திலும் வருகிறது. சில கடைகள் வருவதே இல்லை.

மண்டபம்_டேட்டா:
ஒவ்வொரு பக்கத்துக்கும் க்வெரி புதுசா ஓடுது தம்பி. 240 பேரையும் மறுபடி கலைச்சுதான் 20 பேரை எடுக்குது. 12 பக்கமும் புரட்டினாலும் ஒரு கடை கண்ணில் படாமப் போக வாய்ப்பு 11/12-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 35 சதவீதம். சராசரியா 84 வியாபாரிங்க மறைஞ்சு போறாங்க, இது அநியாயம். பார்வையாளர் வந்ததும் ஒரு சீட் எண்ணை (ராண்ட் கலைக்கத் தொடங்குற எண்) செஷனில், அதாவது அவரோட வருகை முழுக்க நினைவில் இருக்கிற மாதிரி வைங்க. எல்லாப் பக்கத்துக்கும் அதே 'ராண்ட்(48213)'.

பாம்பன்_பக்கம்:
அதுக்கு முன்னாடி ஜாயினைப் பாருங்க. கடைக்கு மூணு படம் இருந்து படங்கள் டேபிளோட சேர்த்தா, கடை மூணு வரியா வரும். கவுன்ட்(*)-உம் (மொத்த வரிகள்) கவுன்ட்(டிஸ்டிங்க்ட் ஐடி)-யும் (வெவ்வேறு கடை எண்கள்) ஒத்துப் போகலைன்னா கோளாறு அங்கேயும் இருக்கு. ராண்ட்(ஐடி)-ன்னு போட்டுடாதீங்க, எப்பவும் ஒரே வரிசைதான் வரும்.

தொண்டிக்கரை:
மண்டபம் அண்ணே, சீட் மட்டும் போதாது. அது தர்றது எண்களின் வரிசையைத்தான். எந்த எண் எந்தக் கடைக்குன்னு தீர்மானிக்கிறது வரிகளைப் படிக்கிற வரிசை. 'இருப்பு > 0' நிபந்தனை இருந்து, ஒரு கடையில் நெத்திலி தீர்ந்து அந்த வரி விலகினா, அதுக்குப் பின்னால படிக்கிற எல்லாருக்கும் எண் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வரத்து குறையும்போது இது இன்னும் அடிக்கடி நடக்கும். 'ஆர்டர் பை எம்டி5(கான்கேட்(48213, '-', ஐடி)), ஐடி' போடுங்க. எம்டி5 ஒரே உள்ளீட்டுக்கு எப்பவும் ஒரே குறியீட்டைத் தரும், அதனால கடையோட இடம் அதன் ஐடியை மட்டுமே பொறுத்தது.

மண்டபம்_டேட்டா:
எம்டி5 போட்டாலும் ஒரு வரி விலகினா ஆஃப்செட் நகரும். பக்க எல்லையில் ஒரு கடை தவறத்தானே செய்யும்? மாறாத பட்டியலுக்கு ராண்ட்(சீட்) போதும்னுதான் இப்பவும் சொல்றேன்.

தொண்டிக்கரை:
தவறுறது ஒண்ணு, மொத்த வரிசையும் கலையுறது வேற. அந்த ஒண்ணையும் விட வேண்டாம்: ஆஃப்செட்டை எடுத்துட்டு, கடைசியா காட்டின கடையோட எம்டி5 மதிப்பை வச்சு, நிபந்தனை சொல்ற 'வேர்' (WHERE) பகுதியில் 'அதைவிடப் பெரியது' என்று கேளுங்க, லிமிட் 20. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாறினாலும் இதே வழி ஓடும். அங்கே ராண்டம்() சீட் எண்ணை வாங்காது. சீட் வைக்கிற செட்சீட்டைத் தனியா கூப்பிடணும், கனெக்‌ஷன் பூலில் (பல இணைப்புகளை மாத்தி மாத்திப் பயன்படுத்துற ஏற்பாடு) அடுத்த க்வெரி வேற இணைப்புக்குப் போனா அது செல்லாது.