கலைச்சொல் விவாதம்: 'புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்' தமிழில் என்ன?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம்.

சனசமூக நிலையங்களில் கொடுப்பதற்காக இலங்கையின் தகவல் உரிமைச் சட்டம் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் மீன்முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது 'புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்'.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நம்மவர் அறிந்தது பாதிதான்: விண்ணப்பம் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், மறுத்தால் மேன்முறையீடு. மற்றப் பாதி எவரும் வாய் திறக்காமலே அரசு தானாகத் தகவலை வெளியிடவேண்டியது. அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் இதுதான். 8-ஆம் பிரிவின்படி அமைச்சர் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30-க்கும் டிசம்பர் 31-க்கும் முன்னர், தம் அமைச்சின் விபரங்களை வெளியிடவேண்டும். 9-ஆம் பிரிவு இன்னும் கூரானது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு, வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட கருத்திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே மக்களுக்கு அறிவிக்கவேண்டும். அவசர வேலையானால் ஒரு வாரம் முன்னர்.

நடப்பது வேறு. எங்கள் ஒழுங்கைக்குத் தார் போட்டபோது, வேலை முடிந்து உருளை இயந்திரமும் போனபிறகுதான் பெயர்ப்பலகை வந்தது. மதகடியில் நிற்கும் பூவரசில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். வேலையின் பெயர், நீளம், ஒப்பந்தகாரர் எல்லாம் மும்மொழியிலும் இருந்தன. நான் கண்ட நாளில் தொகை எழுதியிருந்த வரியின் மேல் க.பொ.த. கணித வகுப்பு விளம்பரம் ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன். நல்ல பசை.

நான் எழுதி எழுதி அழித்தவை இவை. 'முற்கூட்டிய வெளிப்படுத்தல்': எதற்கு முற்கூட்டி? சென்ற ஆண்டுச் செலவுக் கணக்கை இந்த ஆண்டு வெளியிடுவதும் இதற்குள் அடக்கம். நிகழ்வுக்கு முன்னர் என்பதன்று, கேட்பதற்கு முன்னர் என்பதே பொருள். 'தன்முனைப்பான வெளிப்படுத்தல்': தன்முனைப்பு என்றால் எங்களுக்கு அகந்தை. 'செயலூக்க வெளிப்படுத்துகை': இதை வாசிகசாலையில் வாசித்துக் காட்டினேன். கரப்பந்து விளையாட வந்த பையன் ஒருவன், "ஊக்கமருந்துச் சோதனையா அக்கா?" என்று கேட்டான்.

அச்சகம் காத்திருக்கிறது. உதவுங்கள்.

மடல் 2: ஓய்வுபெற்ற தகவல் உத்தியோகத்தர், சாவகச்சேரி

பிள்ளை, மடலைக் கண்டேன். ஓர் அலுவலகத்தில் அந்த நாற்காலியில் சில வருடம் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சட்டம் வந்த புதிதில் எல்லா மேசையிலிருந்தும் ஒரே வசனம்தான் வரும்: "கேட்டால் கொடுப்போம்தானே." குற்றம் சொல்ல முடியாத வசனம். பணிவாகக்கூட இருக்கும். ஆனால் அந்த ஒரு வசனத்தாலேயே சட்டத்தின் மற்றப் பாதி அலமாரிக்குள் போய்விட்டது. வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியலைக் கேட்டு நெடுந்தீவிலிருந்து ஒருவர் காலைப் படகேறி வந்தார். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார், பதிவேட்டில் ஏற்றினோம், பற்றுச்சீட்டுக் கொடுத்தோம், போனார். முடிவைக் கேட்க மறுபடி வந்தார், பிரதி வாங்க இன்னொரு முறை. பட்டியல் ஒற்றைத் தாள். அதே தாளை அந்த மாதத்திலேயே மேலும் பலருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். என் கதிரைக்குப் பின்னால் விளம்பரப் பலகை. அதில் டெங்கு ஒழிப்பு வாரச் சுவரொட்டி, வாரம் முடிந்து நிறம் வெளுத்துப்போய்.

ஆகவே சொல் எதுவானாலும் 'கேட்டால் கொடுப்போம்' என்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'கேள்விக்கு முன் வெளியீடு' என்று மட்டும் போட்டுவிடாதே. நம் நாட்டு அலுவலகத் தமிழில் கேள்வி என்றால் டெண்டர். கேள்வி அறிவித்தல், கேள்விப் பத்திரம் என்று பெறுகைப் பிரிவில் நாள் முழுவதும் புழங்குகிறது. பெறுகைக் குழு கூடுமுன் விலைகளை வெளியே விடச் சொல்கிறாயா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

என் பரிந்துரை: 'பார்வைக்கு வைத்தல்'. பிரதேச சபையின் பாதீட்டு (வரவுசெலவுத் திட்ட) வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவித்தல் எல்லோருக்கும் பழக்கம்.

மடல் 3: சென்னை உறுப்பினர்

இவ்வளவு யோசனை தேவையா? எங்கள் பக்கம் 'தாமாக முன்வந்து வெளியிடல்' என்கிறோம். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு இதுதான். 17 வகைத் தகவல்களை 120 நாட்களுக்குள் வெளியிடச் சொன்னது. நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது என்று நாளேட்டில் படிப்பவர்களுக்கு உடனே புரியும். மேலும், இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்.

மடல் 4: தமிழ் ஆசிரியை, பருத்தித்துறை

உத்திரமேரூர் எப்போது வரும் என்று காத்திருந்தேன். மூன்றாவது மடலிலேயே வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது, அதைச் சரியாக வாசிப்போம். பராந்தக சோழன் காலத்து அந்தக் குடவோலை விதிகளில், அதாவது குடத்தில் ஓலையிட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளில், வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். கவனியுங்கள்: 'கேட்டும் காட்டாதவர்' என்று கல்லில் இல்லை. காட்டாதவர் என்றே இருக்கிறது. ஆகவே சென்னை நண்பர் கொண்டுவந்த சான்று அவருடைய சொல்லுக்கே எதிராக நிற்கிறது. இரத்ததானம் செய்பவர் முன்வருகிறார். கோயில் தேருக்கு வடம் பிடிக்க வருபவர் முன்வருகிறார். சட்டம் விதித்த கடமையைச் செய்பவர் எங்கே முன்வருகிறார்? 'முன்வந்து' என்ற சொல் கடமையை உபகாரமாக்குகிறது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தும். வழக்கை எடுப்பதும் விடுவதும் அதன் விருப்பம். அலுவலகத்துக்கு அந்த விருப்பம் கிடையாது.

'பார்வைக்கு வைத்தல்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் பார்க்க ஆள் வரவேண்டும். உங்கள் நெடுந்தீவுக்காரர் அப்போதும் படகேறத்தான் வேண்டும்.

இனி, 'வெளிப்படுத்தல்'. இதில் எவரும் கை வைக்கவில்லை, வியப்பாக இருக்கிறது. மறைந்திருப்பது வெளிப்படும். இரகசியத்தை, குற்றத்தை, காதலை வெளிப்படுத்துகிறோம். பரீட்சை முடிவை வெளியிடுகிறோம். வர்த்தமானியை வெளியிடுகிறோம். பாதீட்டை 'வெளிப்படுத்தினார்கள்' என்று எழுதினால் அது ஒளித்து வைக்கவேண்டிய பொருள், ஏதோ பெருந்தன்மையால் காட்டினார்கள் என்று ஆகிவிடுகிறது. ஆகவே வெளியிடல்.

முன்னால் என்ன சேர்ப்பது? முதலில் 'கேளாது வெளியிடல்' என்று எழுதினேன். செவிக்கு இனிது, பொருளுக்குக் கேடு. என்னைக் கேளாது என் படத்தை வெளியிட்டார் என்று முறையிடும்போது சொல்வதும் அதைத்தான். உரிமை மீறலுக்கும் உரிமைக்கும் ஒரே சொல்லை வைக்கமுடியாது. பிறகு 'வருமுன் காத்தல்' நினைவுக்கு வந்தது. நோய் வருமுன் காத்தல் என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே வார்ப்பில்:

கேட்குமுன் வெளியிடல்.

யார் கேட்பது என்ற ஐயம் இதில் எழாது. டெண்டரோடும் மோதாது, ஏனெனில் இது கேள்வி என்ற பெயர்ச்சொல் அன்று, கேட்கும் என்ற வினை.

மடல் 5: பத்திரிகையாளர், கொழும்பு

நல்ல சொல். ஆனால் ஒற்றைப் பத்தித் தலைப்பில் கொள்ளாது. 'முன்வெளியீடு' என்று சுருக்கலாமா?

நீளமான சொல்லுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி. நாடாளுமன்றத்தில் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லும் வாசகர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆங்கிலச் சுருக்கத்தை எடுத்துக் 'கோப் குழு' என்று எழுதுகிறோம். அந்தச் சுருக்கத்தின் முதலெழுத்தே 'கமிட்டி', அதாவது குழு; மேலே இன்னொரு குழு. ஆனாலும் அதுதான் நிலைத்துவிட்டது.

மடல் 6: தமிழ் ஆசிரியை, பருத்தித்துறை

முன்வெளியீடு வேண்டாம். புத்தகம் அச்சாகுமுன் கழிவு விலைக்குப் பணம் கட்டுவதுதான் முன்வெளியீட்டுத் திட்டம். எங்கள் வீட்டில் அப்படிக் கட்டிய பணத்துக்கு இன்னும் ஒரு புத்தகம் வரவேண்டியிருக்கிறது. அந்த நினைவு இந்தச் சொல்லில் ஒட்டக்கூடாது.

மடல் 7: மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் நன்றி. முந்தாநாள் மாலை வாசிகசாலையில் மறுபடி சோதித்தேன். இம்முறை வரையறையைச் சொல்லவில்லை. 'கேட்குமுன் வெளியிடவேண்டிய தகவல்கள்' என்று தலைப்பை மட்டும் தாளில் பெரிதாக எழுதி, கீழே எவையெல்லாம் வரும் என்று கேட்டேன். வீதி வேலைக் கணக்கு என்றார்கள். வீட்டுத்திட்டப் பட்டியல் என்றார்கள். சந்தைக் குத்தகை யாருக்கு, எவ்வளவுக்கு என்றார் மரக்கறி விற்கும் அம்மா ஒருவர். கரப்பந்துப் பையன், மைதானத்து விளக்குக்கு ஒதுக்கிய காசு என்றான். ஊக்கமருந்து வரவில்லை.

சொல்லின் இன்னொரு பயனை வேலை செய்யும்போதுதான் கண்டேன். அதற்கு ஒரு சோடி தானாகக் கிடைத்தது: கேட்குமுன் வெளியிடல், கேட்டபின் வழங்கல். முதலாவது ஊருக்கு. இரண்டாவது கேட்ட ஆளுக்கு. வெளியிடல், வழங்கல் என்ற வினைகளே அந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன. கையேட்டின் இரண்டு அத்தியாயங்களுக்கும் இவற்றையே தலைப்பாக வைத்துவிட்டேன். சட்டச் சாயல் தேவைப்படும் இரண்டு இடங்களில் 'கேட்குமுன் வெளியிடும் கடப்பாடு' என்று எழுதியிருக்கிறேன். 'வெளியிடற் கடப்பாடு' என்று புணர்த்தியதை ஆசிரியை அக்கா விரும்புவார், வாசிகசாலை விரும்பாது.

கொழும்பு அண்ணா, தலைப்புக்கு 'கேட்குமுன்' மட்டும் போதாதா? 'வீதிக் கணக்கு: கேட்குமுன் வெளியீடு' என்றால் ஒற்றைப் பத்தியில் இரண்டு வரி.

சாவகச்சேரி ஐயா, 'பார்வைக்கு வைத்தல்' போகவில்லை. வெளியிடும் வழிகளுள் ஒன்றாக, இணையத்தளத்துக்கு முன்னால் முதல் வரியிலேயே இருக்கிறது. டெங்குச் சுவரொட்டியையும் சேர்க்க ஆசைதான்.

ஒரு சிறு ஐயம் மிச்சம். 'கேட்குமுன்' என்று சேர்த்து எழுதுவதா, 'கேட்கும் முன்' என்று பிரிப்பதா? சேர்த்தால் ஒரு சொல்லாகப் பதியும். பிரித்தால் வாசிக்கத் திணறுபவருக்கு எளிது. அச்சகத்தார் பிரித்தே கோத்திருக்கிறார், நான் சேர்த்துத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குத் தட்டு எடுக்கிறார்கள். மறுப்பு இருந்தால் இன்றிரவே எழுதுங்கள்.