மேன்ஹோல் மூடி ‘நாலு விரல்’ உயரமாக இருப்பது நல்லதாம்!

பழைய ஓவர்சியர்:
நேற்று நாஞ்சில் நலம்விரும்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. நம்ம நாகர்கோவிலில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய தெருக்களில், ஆள் இறங்கும் குழியின் மூடிகள் ரோட்டை விட “நாலு விரல்” உயரமாக நிற்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடாம். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தானாம். வரி கட்ட மனசில்லாதவர்கள்தான் குறை சொல்கிறார்களாம். ரோட்டு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். காலி மனையிலும் வயல் ஓரத்திலும் மூடியை உயர்த்தி வைப்பார்கள், சரி. வண்டி ஓடுகிற ரோட்டில் மூடி ரோட்டு மட்டத்துக்குச் சமமாக உட்கார வேண்டும். அதுதான் முறை. அப்புறம், அது நாலு விரல் இல்லை. ஒரு சாண்.

நாஞ்சில் நலம்விரும்பி:
அண்ணாச்சி, முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்தத் தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்தால் குழாயும் தாங்காது, சுத்திகரிப்பு நிலையமும் தாங்காது. இன்னும் மேல்தார் போடவில்லை. போட்டதும் மூடி சமமாகிவிடும். என் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். நாலு விரல்.

ஒழுகினசேரி அக்கா:
நாலு விரலா? யாருடைய விரல்? எங்கள் தெருவில் இருக்கும் மூடியைச் சுற்றி சிமெண்டை மண்வெட்டியால் அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓரமெல்லாம் பொடிந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டி வைத்தான். அதையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரி கரண்ட் போனால் அந்த வழியாக நடக்கவே பயம். நலம்விரும்பி தம்பி வந்து தன் விரலை வைத்து அளந்து பார்க்கட்டும்.

கோட்டாறு வியாபாரி:
விரலும் சாணும் கிடக்கட்டும். 2022 ஏப்ரலில் சொத்து வரியை எவ்வளவு கூட்டினார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? வீடு 600 சதுர அடி வரை என்றால் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் போனால் 100. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளுக்கு அதுதான் கணக்கு. 2019இல் மாநகராட்சி ஆனோம் என்று பட்டாசு வெடித்தோம். வரி மட்டும்தான் மாநகராட்சி அளவில் வருகிறது. வாங்குகிற பணத்துக்கு மூடியைச் சமமாக வைக்கக்கூடவா ஆளில்லை?

நாஞ்சில் நலம்விரும்பி:
வியாபாரி சார், 600 அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம்தான் என்று நீங்களே எழுதிவிட்டு அழுதால் எப்படி? அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அது உங்கள் கண்ணில் படாது. 52 வார்டுக்கும் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் காற்றிலிருந்தா வரும்? மூடி நாலு விரல்தான்.

பழைய ஓவர்சியர்:
பேச்சை மாற்றாதேயும். மேல்தார் போட்டால் சமமாகும் என்கிறீர். மேல் அடுக்கு என்ன கனம் போடுவார்கள் தெரியுமா? தெரு ரோட்டில் போடுவது 3 சென்டிமீட்டருக்குப் பக்கம். ஒரு சாண் உயர மூடிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? குழாய் போடுகிறவர் ஒரு ஒப்பந்தக்காரர், ரோடு போடுகிறவர் வேறொரு ஒப்பந்தக்காரர். குழாய்க்காரர் தன் இஷ்டத்துக்கு மட்டம் வைத்துவிட்டுப் போகிறார். ரோட்டுக்காரர் வந்து “இது என் வேலை இல்லை” என்கிறார். இருவருக்கும் ஒரே மட்டத்தை எழுதிக் கொடுத்து, அளந்து பார்த்த பிறகு பில் பாஸ் பண்ணியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அளப்பதற்கு ஆள் போகவில்லை. அதுதான் விஷயம்.

மஸ்கட் நாகர்கோவிலான்:
இங்கே வந்து பாருங்கள், ரோட்டில் ஒரு மூடியாவது தட்டுப்படுமா? நம்ம ஆட்களுக்கு…

ஒழுகினசேரி அக்கா:
தம்பி, நீங்கள் அங்கேயே சௌக்கியமாக இருங்கள். சாக்கடை நாற்றமும் தூசியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மஸ்கட் நாகர்கோவிலான்:
அக்கா, நான் அனுப்புகிற காசில்தான் எங்கள் வீட்டு வரி போகிறது. எனக்குப் பேச உரிமை இல்லையா?

மார்த்தாண்டம் மைந்தன்:
எல்லாப் பணமும் நாகர்கோவிலுக்கே. பாதாள சாக்கடையும் உங்களுக்கு, புத்தன் அணைத் தண்ணீரும் உங்களுக்கு. அந்தக் குடிநீர்த் திட்டம் மட்டும் 250 கோடிக்கு மேல். விளவங்கோடு, கல்குளம் பக்கம் திரும்பிப் பார்க்க ஆள் உண்டா? எங்கள் விளவங்கோட்டுக்குக் குழித்துறை என்று ஒரே ஒரு நகராட்சி. இதில் நாலு விரலுக்கு இப்படி ஒரு சண்டை.

கோட்டாறு வியாபாரி:
ஓய் மைந்தா, கொல்லங்கோடும் 2021இல் நகராட்சி ஆயிற்று. சொந்தப் பக்கத்துச் சேதியே தெரியாமல் கிழக்கே இருக்கிற எங்களைப் பழிக்க வந்துவிட்டீரே. மார்த்தாண்டத்துக்கு அத்தனை நீளப் பாலம் கட்டினார்களே, அது யார் பணம்?

மார்த்தாண்டம் மைந்தன்:
பாலம் தேசிய நெடுஞ்சாலைக்கு உள்ளது. உள்ளாட்சிப் பணம் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர். 1956 நவம்பர் 1இல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளிலிருந்து இதே கதைதான்.

பழைய ஓவர்சியர்:
கிழக்கும் மேற்கும் அப்புறம் பேசலாம். நான் கேட்டதற்கு நலம்விரும்பி இன்னும் பதில் சொல்லவில்லை. ரோட்டில் மூடி உயரமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? ஒரு சாண் உயரத்தில் இருட்டில் மோதுகிற பைக் ஓட்டுபவன் என்ன ஆவான்? என் மச்சினன் விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். தெருப் பெயரைச் சொல்லமாட்டேன், அவனுக்குத் தொந்தரவு வரும்.

நாஞ்சில் நலம்விரும்பி:
மச்சினன் விழுந்ததற்கு வருத்தம்தான். வேகமாகப் போனாரா என்று யாரும் கேட்பதில்லை. சரி, இன்னொன்று கேட்கிறேன். மூடியைச் சமமாக வைத்துவிட்டு, அடுத்த முறை பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினால் மூடி புதைந்து போகும். அடைப்பு எடுக்கக் கடப்பாரையோடு தேடுவோம். எத்தனை ஊரில் நடந்திருக்கிறது! அதற்குத்தான் நாலு விரல் மிச்சம் வைக்கிறது.

பழைய ஓவர்சியர்:
வந்தீரா வழிக்கு! பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். சுரண்டிப் போட்டால் மட்டம் ஏறாது. மட்டம் ஏறாவிட்டால் மூடி புதையாது. அடுத்து வரப்போகும் தப்புக்கு இப்போதே ஒரு தப்பைச் செய்து வைப்பதா? வீட்டுக்குள் வெள்ளம் வருவதும் இதனால்தான். ரோடு ஏறிக்கொண்டே போகிறது, வாசல்படி இறங்கிக்கொண்டே போகிறது.

புத்தேரி இளைஞன்:
ஒரு சின்ன சந்தேகம். ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும்தானே இருக்கும்? ஓவர்சியர் சார் ஓரப்பக்கத்திலிருந்து அளக்கிறார், நலம்விரும்பி அண்ணன் நடுப்பக்கத்திலிருந்து அளக்கிறாரோ?

பழைய ஓவர்சியர்:
எங்கிருந்து அளந்தாலும் ஒரு சாண்.

நாஞ்சில் நலம்விரும்பி:
எங்கிருந்து அளந்தாலும் நாலு விரல்.

கோட்டாறு வியாபாரி:
கோடையில் நம்ம ஊருக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் மைனஸ் அடிக்குப் போகும்போது இவ்வளவு ஆர்வமாக யாரும் அளப்பதில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பேசுங்கள். தண்ணீரே வராத வீட்டிலிருந்து சாக்கடையில் என்ன ஓடும்? மூடிக்கும் ரோட்டுக்கும் கொட்டுகிற பணத்தைக் குடிநீருக்குத் திருப்ப வேண்டும்.

நாஞ்சில் நலம்விரும்பி:
நினைத்தபடி திருப்ப முடியாது சார். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021-26) நம்ம மாதிரி ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டுத்தான் தந்தார்கள். ரோட்டுக்கு வேறு கணக்கு. இது தெரியாமல் பட்ஜெட் பேசினால்…

கோட்டாறு வியாபாரி:
தெரியாதவன் நானா? போன வருஷம் குப்பைப் பிரச்சினையில் நீங்கள் எழுதியதை எடுத்துப் போடட்டுமா? வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் புகை எழும்பி ஊரே இருமிக்கொண்டு கிடந்தபோது “மார்கழிப் பனிமூட்டம்” என்று எழுதியவர் நீங்கள்தானே?

நாஞ்சில் நலம்விரும்பி:
அதை ஏன் இப்போது இழுக்கிறீர்கள்? அன்றைக்குப் பனியும் இருந்தது.

ஒழுகினசேரி அக்கா:
பனியாம்! என் மாமியாருக்கு நெபுலைசர் வைத்தது பனிக்காகவா?

பழைய ஓவர்சியர்:
பனியும் புகையும் வேறு தலைப்பு. அக்கா, உங்கள் தெரு மூடியை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். நலம்விரும்பி வாயடைத்துப் போகட்டும்.

நாஞ்சில் நலம்விரும்பி:
அவர்கள் தெரு மூடி எனக்கு எதற்கு? நான் பேசியது எங்கள் தெரு மூடியைப் பற்றி. மொத்த ஊருக்கும் ஒரு மூடியைக் காட்டி ஏமாற்றாதீர்கள்.

பழைய ஓவர்சியர்:
அப்படியானால் “மூடிகள்” என்று பன்மையில் ஏன் எழுதினீர்? உம்முடைய தெரு மூடியையே படம் போடும். நாளைக் காலை வெளிச்சத்தில். ஸ்கேல் வைத்து.

நாஞ்சில் நலம்விரும்பி:
எனக்கு வேறு வேலை இருக்கிறது. நாலு விரல்தான்.

பழைய ஓவர்சியர்:
சாண். நாளைக்கு நானே ஸ்கேலோடு வருகிறேன், தெருவைச் சொல்லும்.