மறு: வைரஸ் டி.என்.ஏ-வைச் செல் அடக்குவதற்கு ஒரு சொல் – 'பொதிந்தடக்கல்'?

> 'மரபணு மௌனமாக்கல்' (gene silencing) என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, போதாதா?

பொதுவாக எழுதும்போது போதும் ஐயா. ஹெர்பிஸ் வைரஸ் பற்றி எழுதப் போனால் இடறுகிறது.

உதட்டில் கொப்புளம் கிளப்பும் எச்.எஸ்.வி-1 என்ற ஹெர்பிஸ் வைரஸைப் பாருங்கள். அதன் டி.என்.ஏ சுமார் 1,52,000 கார இணை (base pair) நீளம். வைரஸ் கூட்டுக்குள் இருக்கும்வரை அதில் ஹிஸ்டோன் (செல்லின் டி.என்.ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்) கிடையாது. உட்கருவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே செல் தன் ஹிஸ்டோன்களை அதன்மேல் ஏற்றத் தொடங்கிவிடுகிறது. பி.எம்.எல் உடலங்கள் (உட்கருவில் பி.எம்.எல் என்ற புரதத்தைச் சுற்றி அமைந்த புரதத் திரள்கள்) வந்து சூழ்கின்றன, ஏ.டி.ஆர்.எக்ஸ் போன்ற புரதங்கள் அந்தப் பொதி தளராமல் பார்த்துக்கொள்கின்றன. ஹிஸ்டோன் எச்3-இன் 9ஆம் இடத்து லைசின் என்ற அமினோ அமிலத்தில், படிப்பதைத் தடுக்கும் மெத்தில் குறிகள் சேர்கின்றன. டி.என்.ஏ அழியவில்லை, வெட்டுப்படவில்லை. படிக்க முடியாதபடி கட்டிவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். 'மௌனம்' இந்தச் செயலைக் காட்டுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முக்கிளை நரம்பின் செல்களில் இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும்போதும் எல்.ஏ.டி என்ற பகுதியிலிருந்து மட்டும் ஆர்.என்.ஏ உருவாகிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எப்படி மௌனம் என்பது?

'ஒடுக்கல்' எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் வேதியியலில் அது ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினை. இலங்கைப் பாடநூல்களில் ஒடுக்கற்பிரிவு (meiosis என்ற செல் பிரிவு) வேறு இருக்கிறது.

ஆகவே 'பொதிந்தடக்கல்'. இதில் எனக்குப் பிடித்தது, எதிர்ச்சொல் தானாகவே கிடைப்பது: 'பொதி அவிழ்ப்பு'. வைரஸ் செய்வதும் அதுதான். அதன் ஐ.சி.பி0 புரதம் பி.எம்.எல்-ஐ அழிவுக்குக் குறி வைக்கிறது. வி.பி16 புரதம் செல்லின் எல்.எஸ்.டி1 நொதியையே வரவழைத்து மெத்தில் குறிகளை நீக்கவைக்கிறது. (வீட்டுக்காரனின் சாவியாலேயே வீட்டைத் திறக்கிற வேலை!) இதே ஹெர்பிஸ் குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரஸின் பி.பி71 புரதம், ஏ.டி.ஆர்.எக்ஸ்-இன் கூட்டாளியான டாக்ஸ் புரதத்தை அழிக்கிறது. வழிகள் வேறு, 'பொதி அவிழ்ப்பு' எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

'பொதியடக்கம்' என்று சுருக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் என்பேன். அடக்கம் என்றதும் செய்தித்தாளின் நல்லடக்கம்தான் நினைவுக்கு வரும். இந்த வைரஸோ செத்துப்போகாதது. 'அடக்கல்' என்றால் தொழிற்பெயராக நிற்கும், 'பொதிந்தடக்கிய டி.என்.ஏ' என்று பெயரெச்சமாகவும் எழுதலாம்.

குரோமாட்டின் (டி.என்.ஏ-வும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொதி), ஹிஸ்டோன் இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுவோம். அவற்றுக்கும் தமிழ் தேட ஆரம்பித்தால் இந்த இழை திசைமாறிவிடும்.