ஸ்காட்லாந்தின் ‘தோல்’: பொறுமையா, அடங்கிப்போவதா?

சுண்டெலி:
ஸ்காட்ஸ் மொழியில் ‘தோல்’ என்று ஒரு பழைய வினைச்சொல். நம் உடம்புத் தோல் இல்லை, காதில் மட்டும் கிட்டத்தட்ட அப்படி விழும். தாங்கு, பொறு, சகி என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘தோலியன்’ என்று இருந்தது. தெற்கே இங்கிலாந்தில் பொது வழக்கிலிருந்து போய்விட்டது, வடக்கே ஸ்காட்லாந்தில் தங்கிவிட்டது. 1785இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் ஏர் ஒரு சுண்டெலியின் வளையைக் கிழித்துவிட, வீடில்லாமல் பனித்தூறலை இது ‘தோல்’ செய்யணுமே என்று பாடினார். ஏர் ஓட்டினவர் கவிதை எழுதுகிறார், பொறுத்துக்கொள்வது எலி. இது வாயில்லாதவர்களுக்கு மேலே இருப்பவர்கள் கொடுத்த சொல் என்பது என் கட்சி.

துலாக்கோல்:
எலி வேற என்ன செய்யும், கேஸா போடும்? சொல்லின் வேரைப் பாருங்க. ‘தூக்கு, சும’ என்பதுதான் அடிப்படை. ‘டாலரேட்’ அதே வேர். சமஸ்கிருத ‘துலா’வும் அதே வேர், அதாவது நம்ம துலாக்கோல், துலாம் ராசி. சுமக்கிறவன் அடிமை இல்லை, பலசாலி. ‘தோல் செய்பவன் வெல்வான்’ என்று அவங்க பழமொழியே இருக்கு, நம்ம ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ மாதிரி.

சுண்டெலி:
பூமியை ஆண்டதெல்லாம் பொறுக்காதவங்கதான் சார். வேரை வச்சு அர்த்தம் சொல்றது ஜோசியம். ‘நாற்றம்’ ஒருகாலத்தில் நறுமணம். இன்னைக்கு விருந்துக்குப் போன வீட்டில், ‘உங்க சாம்பார் நாற்றம் பிரமாதம்’னு சொல்லிப் பாருங்க. குடியேறியவர்களோடு இந்தச் சொல் அயர்லாந்தின் வடக்குக்கும் போனது. சாவு விழுந்த ஒரு குடும்பத்தைப் பற்றித் தன் அத்தை, ‘அவங்க தோல் செய்யக் கத்துக்கத்தான் வேணும்’ என்றதை கவிஞர் ஷேமஸ் ஹீனி, தான் மொழிபெயர்த்த பழைய ஆங்கிலக் காவியம் ‘பேவுல்ஃப்’ முன்னுரையில் நினைவுகூர்கிறார். கத்துக்கத்தான் வேணும்! வேறு வழி கிடையாது என்கிற தொனி கேட்கலையா?

குமாஸ்தா:
கோர்ட்டை மறந்துட்டீங்க. ஸ்காட்லாந்து சட்டத்தில் ஒருவர் தன் விசாரணையை ‘தோல்’ செய்து முடித்தார் என்றால், அதே குற்றத்துக்காக அவரைத் திரும்பக் கூண்டில் ஏற்ற முடியாது. அதாவது ஒருமுறை பட்டாச்சு, இனி விடு. பொறுத்தவனுக்கு இந்தச் சொல் கவசமாகவே இருந்தது. 2011 சட்டம்தான் அதில் ஓட்டை போட்டது, புதிய ஆதாரம் போன்ற சில காரணங்களுக்காக. 1977இல் எடின்பரோவில் கடைசியாகக் காணப்பட்ட இரண்டு இளம்பெண்கள் கொலையான வழக்கில், ஆங்கஸ் சின்க்ளேர் மீதான விசாரணை 2007இல் பாதியில் விழுந்து, அவர் விடுதலையானார். அந்தச் சட்டத்தால் மறுபடி விசாரித்து 2014இல் தண்டித்தார்கள்.

சுண்டெலி:
நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிட்டீங்க. கவசம் கொலைகாரனுக்கு. 37 வருஷம் ‘தோல்’ செய்தது அந்தப் பெண்களைப் பெத்தவங்க.

குமாஸ்தா:
அது சட்டத்தின் குறை. சொல்லின் குறை இல்லை.

நைட்_ஷிஃப்ட்:
சண்டைக்கு நடுவில் வர்றேன் அண்ணா. கிளாஸ்கோவில் நர்ஸ் வேலை பார்த்தேன். இடுப்பு ஆபரேஷன் ஆன ஒரு தாத்தா. வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன். ‘ஐ கேன் தோல் இட், ஹென்’ என்றார். (அங்கே பெண்களை ‘ஹென்’ என்பார்கள், கோழி என்று கோபப்படக் கூடாது.) தாங்குதுன்னுதானே சொல்றார் என்று சார்ட்டில் 3 போட்டேன். உள்ளூர்க்காரரான சீனியர் சிஸ்டர் எட்டிப் பார்த்துட்டு, ‘தோல்னா சொன்னார்? அப்ப குறைஞ்சது ஏழு இருக்கும்’ என்று டாக்டரைக் கூப்பிட்டு டோஸை ஏற்றச் சொன்னார். லேசான வலிக்கு அந்தச் சொல் அவர்கள் வாயில் வராதாம்.

துலாக்கோல்:
இதைத்தானே சொல்றேன், அது பாரத்தின் எடை.

சுண்டெலி:
ஏழு இருந்தும் வாயைத் திறந்து கேட்கலை பாருங்க. அதைத்தான் நான் சொல்றேன்.

நைட்_ஷிஃப்ட்:
யார் சொன்னது? டோஸ் ஏறினதும், ‘இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்திருக்கலாம்’னு என்னைத் திட்டினார். டீயில் சர்க்கரை பத்தலைன்னும் சொன்னார்.