புதுப்பிப்பு: நெடி குறைந்த யூரியா பிசினில் பலகை உதிர்ந்த விஷயம்

ஃபார்மால்டிஹைடு நெடியைக் குறைக்க, மரத்துகளை ஒட்டிப் பலகையாக்கும் யூரியா பிசினின் மோல் விகிதத்தை (ஒரு பங்கு யூரியாவுக்கு எத்தனை பங்கு ஃபார்மால்டிஹைடு என்பதை) 1.2-லிருந்து 1.0-க்கு இறக்கினேன், பலகையின் நடுப்பகுதி உதிர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

நான் சந்தேகப்பட்டது மரத்துகளின் ஈரத்தை. உண்மையில் சிக்கல் ஹார்ட்னரில், அதாவது பிசினை இறுகவைக்க நான் சேர்க்கும் அம்மோனியம் சல்ஃபேட்டில் இருந்தது. பிசின் இறுக அமிலம் வேண்டும், ஆனால் அம்மோனியம் சல்ஃபேட் தானாக அமிலம் தராது. பிசினில் மிச்சமிருக்கும் ஃபார்மால்டிஹைடோடு வினைபுரிந்துதான் அமிலத்தை விடும். நான் குறைத்ததே அந்த மிச்சத்தைத்தான்! அமிலம் போதாமல், பிரஸ்ஸில் சூடு கடைசியாகப் போய்ச்சேரும் நடு அடுக்கு இறுகவில்லை. சோதனைக் குழாயில் பிசினை ஊற்றி, கொதிநீரில் வைத்துக் கண்ணாடிக் குச்சியால் கிளறியபோதே இது தெரிந்தது. பழைய பிசின் சட்டென்று குச்சியைப் பிடித்துக்கொண்டது. புதியது வெகுநேரம் தேன் மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தது.

சரி, ஹார்ட்னரைக் கூட்டினால் போதுமே என்று தோன்றும். அளவோடுதான் கூட்டலாம். பலகையில் தங்கும் அமிலம், ஈரம் பட்டால் பிணைப்பையே மெல்ல உடைத்து மறுபடி ஃபார்மால்டிஹைடை வெளியே விடும். அதனால் ஹார்ட்னரைச் சிறிது கூட்டி, பிசின் காய்ச்சும்போதே, பிணைப்பு ஈரத்தைத் தாங்கக் கொஞ்சம் மெலமின் சேர்த்து, அழுத்தும் நேரத்தையும் நீட்டினேன். மெலமின் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கும் என்பதால் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. இப்போது நடுப்பகுதியை நகத்தால் கீறினாலும் துகள் பெயரவில்லை, அறுக்கும்போது கண்ணும் எரியவில்லை.

அடுத்து ஈர அறையில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.