விவாகரத்து: கூட்டாண்மை நிறுவனப் பங்கு, இருவர் பெயரில் வீடு, வங்கி ஜாமீன் ஆகியவற்றை எப்படிப் பிரிப்பது?

கேள்வி (திருப்பூர்)

வணக்கம். 2009இல் எங்களுக்குத் திருமணம் நடந்தது. பள்ளியில் படிக்கும் மகளும் மகனும் இருக்கிறார்கள். பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிவதென்று பெரியவர்கள் முன்னிலையில் முடிவாகிவிட்டது. குழந்தைகள் என்னுடன் இருப்பதிலும் தகராறு இல்லை. சொத்து விஷயத்தில்தான் எனக்கு வழி தெரியவில்லை.

கணவர் நடத்தும் பின்னலாடை நிறுவனம் ஒரு கூட்டாண்மை. அவருக்கு எழுபது, எனக்கு முப்பது சதவீதம் என்று ஒப்பந்தத்தில் உள்ளது. நிர்வாகத்தில் நான் தலையிட்டதில்லை. ஆனால் வங்கியின் சி.சி. கடனுக்கு (தொழில் நடத்த வரம்புக்குள் எடுத்துக் கட்டும் ரொக்கக் கடன்) ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறேன். குடியிருக்கும் வீடு 2016இல் இருவர் பெயரிலும் கிரயம் ஆனது. முன்பணத்துக்கு என் பிறந்த வீட்டு நகையில் ஒரு பகுதியை விற்றோம். மாதத் தவணை அவர் கணக்கிலிருந்து போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் அவர் குடும்பத்துத் தென்னந்தோப்பும் இருக்கிறது.

அவர் தரப்பு வழக்கறிஞர் ஒரு வரைவு கொடுத்திருக்கிறார். மொத்தமாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, "எந்தச் சொத்திலும் எனக்கோ என் குழந்தைகளுக்கோ இனி எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை" என்று நான் எழுதித் தர வேண்டுமாம். சட்டப்படி பாதி எனக்கு வரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கையெழுத்திடும் முன் நான் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில் 1 (வழக்கறிஞர், கோவை)

சகோதரி, முதலில் அந்தப் "பாதி" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். திருமணத்துக்குப் பின் சேர்த்ததெல்லாம் இருவருக்கும் சமம் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 25ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தையும், 27ஆவது பிரிவு திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களையும் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான். கணவரின் செல்வ நிலைக்கு மனைவியைச் சமமாக்குவது ஜீவனாம்சத்தின் நோக்கமல்ல என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பராமரித்த மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அது அந்த வழக்கின் சாட்சியங்களைக் கொண்டு தனி நீதிபதி ஒருவர் அளித்தது. அதை மட்டும் நம்பிப் பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு சொத்துக்கும் சட்டம் வேறு என்பதால், உங்கள் பங்கையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

வீட்டுக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பொருந்தும். யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அந்த விகிதத்திலும், இல்லாவிட்டால் சமமாகவும் பங்கு கணக்கிடப்படும். தவணை முழுவதும் தன் கணக்கிலிருந்து போனதை அவர் காட்டுவார். நீங்கள் முன்பணத்தைக் காட்ட வேண்டும். நகையை விற்ற ரசீது, அந்தப் பணம் வங்கியில் வரவான தேதி, கிரயப் பத்திரத்தில் முன்பணம் குறிக்கப்பட்டுள்ள பத்தி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடும்படி இருந்தால் உங்கள் பங்கை எளிதில் குறைக்க முடியாது.

பிறந்த வீட்டு நகை உங்கள் சீதனம். இக்கட்டான நேரத்தில் கணவர் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. எனவே மொத்தத் தொகைக்குள் சீதனத்தைக் கரைத்துவிடாமல் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பில் உங்களுக்கு நேரடிப் பங்கு கிடையாது. குழந்தைகளின் நிலை வேறு. அது உண்மையில் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத்தான் செய்தது. மாறாக, உங்கள் மாமனார் தாமே வாங்கியதாகவோ, 1956க்குப் பிறகு வாரிசுரிமையாக உங்கள் கணவருக்குத் தனிப்பட வந்ததாகவோ இருந்தால் குழந்தைகள் இப்போது பங்கு கேட்க முடியாது. மூலப் பத்திரத்தையும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் படிக்காமல் இதற்கு விடை சொல்ல இயலாது. அதுவரை "என் குழந்தைகளுக்கோ" என்ற சொல் அந்த வரைவில் இருக்கவே கூடாது. உங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தைகளுடையதை ஒரு வரியில் துறக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

பதில் 2 (தணிக்கையாளர், திருப்பூர்)

நிறுவனத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம்.

முப்பது சதவீதம் என்பது முதலில் லாபப் பங்கு. உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை அறிய கடந்த சில ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்பை வாங்கி, உங்கள் பெயரில் உள்ள மூலதனக் கணக்கைப் பாருங்கள். தொடக்க இருப்பு, அந்த ஆண்டின் லாபப் பங்கு, எடுப்புகள் (சொந்தச் செலவுக்கு எடுத்த தொகை), இறுதி இருப்பு என்று நான்கு வரிகள் இருக்கும். வீட்டுச் செலவும் பள்ளிக் கட்டணமும் உங்கள் எடுப்பாக எழுதப்பட்டு இருப்பு வற்றிப்போயிருப்பதை நான் பல கணக்குகளில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேளுங்கள். கூட்டாளி என்ற முறையில் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட்டு நகல் எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூட்டாளியாக இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து மதிப்பு. புத்தகத்தில் இயந்திரங்கள் தேய்மானம் போக மிகச் சிறிய தொகையில் நிற்கும். சந்தையில் அவற்றின் விலை வேறு. வாடிக்கையாளர்களிடம் சம்பாதித்த நற்பெயரும் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துதான். இருவரும் ஏற்கும் மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து, ஒரே தேதிக்கு எல்லாவற்றையும் மதிப்பிடச் செய்யுங்கள். மூலதன இருப்புக்கு மேல் கொடுத்தால் நிறுவனம் வரி கட்ட வேண்டும் என்று உங்கள் கணவர் சொன்னால், அது 2021க்குப் பிறகு உண்மைதான். ஆனால் அந்த வரியைக் கணக்கிட்டுக் கழிக்கலாமே தவிர, உங்கள் பங்கை மறுக்க அது காரணமாகாது. நீங்கள் விலகிய பிறகும் கணக்குத் தீர்க்காமல் தொழில் தொடர்ந்தால், உங்கள் பங்குக்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்க கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இடம் தருகிறது.

இப்போது ஜாமீன். நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்யலாம். வங்கிக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அந்த ஆணை தொடாது. கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, இனி நடக்கவிருக்கும் பரிவர்த்தனைகளுக்கு ஜாமீனைத் திரும்பப் பெறுவதாக வங்கிக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். ஏற்கெனவே உள்ள நிலுவைக்கு வேறொருவரை ஜாமீனாக வைத்து, வங்கி உங்களை விடுவித்துக் கடிதம் தந்தாக வேண்டும். விலகல் பத்திரம் எழுதிய பின் அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் பொது அறிவிப்பு வெளியிட்டு, கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அது வரை வெளியாருக்கு நீங்கள் இன்னும் கூட்டாளிதான்.

பதில் 3 (ஈரோடு)

என் வழக்கில் வங்கியின் விடுவிப்புக் கடிதத்துக்காகவே இரண்டாவது மனு (சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்புக்குப் பின் தருவது) தாமதமானது. எதிர்த்தரப்பினர் அவசரப்படுத்தினார்கள், என் வழக்கறிஞர் அசையவில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது. கட்டணம் தர வசதியில்லையென்றால் தயங்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். அவர் வேறு சொத்துகளை மறைத்திருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் அவர் பங்கை எனக்கு எழுதித் தருவதாக இருந்தால் பத்திரத்தை ஆணைக்கு முன் பதிவு செய்வதா, பின்னரா?

வழக்கறிஞர், கோவை

ஜீவனாம்சம் கோரப்படும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் படிவத்துடன் உத்தரவிட்டது. சம்மத மனுவாக இருந்தாலும் அதே படிவத்தில் அவருடைய விவரங்களைக் கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு தகவல்தான். நிலம், மனை ஆகியவற்றுக்கு, நீங்கள் அறிந்த சர்வே எண்களைக் கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே வில்லங்கச் சான்று பார்த்துவிடலாம்.

பத்திரத்தை ஆணைக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கணவன் மனைவியாக இருக்கும்வரை குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை கிடைக்கும். வருமான வரியிலும் துணைவர் தருவதற்கு வரி இல்லை. ஆணைக்குப் பின் நீங்கள் இருவரும் சட்டத்தின் கண்ணில் வேற்றார். வீட்டுக்கடன் நிற்பதால் வங்கியின் சம்மதத்தையும் முதலிலேயே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்கித் தவணை உங்கள் தலையில் விழும். பதிவை ஆணைக்குப் பின் வைத்துக்கொள்ள நேர்ந்தால், மனுவின் சொத்து விவரப் பட்டியலில் வீட்டை எல்லைகளோடு சேர்த்துவிடுங்கள். வழக்கில் இடம்பெறாத அசையாச் சொத்தைச் சமரச ஆணையில் குறிப்பிட்டால் அந்த ஆணையையும் பதிவு செய்தாக வேண்டும்.

இன்னொன்று: ஆணை பிறக்கும் வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தகுந்த காரணத்துக்காகத் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் உங்கள் நிலையில் அந்த ஆறு மாதமும் தேவைப்படும். முதல் மனுவின்போது ஒரு பகுதித் தொகை, வீட்டுப் பத்திரமும் வங்கிக் கடிதமும் கைக்கு வந்தபின் இரண்டாவது மனு, அன்று நீதிபதி முன்னிலையில் மீதித் தொகைக்கு வங்கி வரைவோலை என்று வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.