காது கொடுத்துக் கேட்பதற்கு எத்தனை மார்க்? எம்.எஸ்சி. சைக்காலஜி இன்டர்னல் பற்றி ஒரு கேள்வி

கொருக்குப்பேட்டை கேட்:

வணக்கம். வட சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜிக்குப் பாடம் எடுக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலபஸ் மாற்றுகிறார்கள். ஆலோசனைத் திறன் செய்முறைத் தாள் என் தலையில் விழுந்தது. ஐந்து சி.ஓ. (கோர்ஸ் அவுட்கம், அதாவது இந்தத் தாளின் கற்றல் நோக்கம்) எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கே-1 முதல் கே-6 வரை ஒரு அறிவு லெவல் போட வேண்டும், அப்புறம் பி.ஓ.வோடு (மொத்தப் படிப்பின் நோக்கம்) சேர்த்து, தொடர்பு எவ்வளவு வலு என்று 3, 2, 1 கட்டம் நிரப்ப வேண்டும். நாலை ஒரு மாதிரி ஒப்பேற்றிவிட்டேன். ஐந்தாவதாக 'மாணவர்கள் பரிவுடன் கேட்கும் திறனைப் பெறுவர்' என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'பெற்றார்களா என்று எப்படித் தெரியும்?'

கடுப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் கேட் மூடியிருந்தது, ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் அந்தச் சிவப்பு மை சரிதான் என்று தோன்றிவிட்டது. எனக்கே தெரியவில்லையே.

என் வகுப்பில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒரு பையன், இன்டர்னலில் 25-க்கு 24. ஆலோசனை பலன் தர என்னென்ன வேண்டும் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய நிபந்தனைகளைப் பற்றிக் கேட்டால் ஐந்து பக்கம் எழுதுவான், ஒரு பிழை இருக்காது. இன்னொரு பெண், காசிமேட்டுப் பக்கம். டிகிரி வரை தமிழ் மீடியம். 25-க்கு 11.

போன மாதம் ரோல் பிளே வைத்தேன். கிளையன்ட்டாக உட்கார்ந்த பிள்ளை, "தடைக்காலம் மேடம், 61 நாள் அப்பா கடலுக்குப் போகல, வீட்லயே குடி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். நம் பையன் மூச்சுகூட விடவில்லை. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும். ஏஏ மீட்டிங் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றான் (குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் கூட்டம்). அடுத்த சுற்றில் அதே கதை, அதே இடத்தில் மௌனம். இந்தப் பெண் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, பிறகு பார்த்தேன்: 22 வினாடி. வகுப்பில் 22 வினாடி யாரும் பேசாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று வாத்தியார்களுக்குத் தெரியும். அப்புறம் மெதுவாக, "இத வெளிய சொல்றதே கஷ்டமா இருக்குல்ல?" என்றாள். கிளையன்ட்டாக நடித்தவள் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

நான் அவளுக்கு 10-க்கு 9 போட்டேன். பையனுக்கு 4. அவன் வந்து கேட்டான்: "மேடம், உங்களுக்குப் பிடிச்சிருந்தா மார்க்கா?" பதில் சொல்ல முடியவில்லை.

இதை எப்படி ஒரு கற்றல் நோக்கமாக எழுதுவது? எப்படி மார்க் போட்டால் அந்தப் பையனிடம் காரணம் காட்ட முடியும்?

---

மின்ட் பஸ் ஸ்டாண்ட்:

மேடம், நான் நர்சிங் டியூட்டர். எங்களுக்கு இது தினப்படி கஞ்சி. ஆஸ்கி என்று ஒரு தேர்வு முறை, 1975-ல் ஸ்காட்லாந்தில் டண்டி ஊரில் ரொனால்ட் ஹார்டன் என்ற டாக்டர் கொண்டுவந்தது. மாணவர் ஒவ்வொரு மேசையாகப் போவார். ஒன்றில் பி.பி. பார்க்கணும், ஒன்றில் பயந்துபோன அம்மாவிடம் பேசணும். மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே தாள். 'பிடிச்சிருந்தா மார்க்கா' என்ற பேச்சுக்கு அங்கே பாதி இடம் அடைபட்டுவிடும்.

உங்கள் வரியில் கோளாறு 'பெறுவர்'தான். கண்ணுக்குத் தெரிகிற வினைச்சொல் போடுங்கள், எந்தச் சூழலில் என்று போடுங்கள், எவ்வளவு செய்தால் போதும் என்று போடுங்கள். 'பத்து நிமிட நேர்காணலில், அறுவுரைக்குத் தாவாமல், கிளையன்ட் சொன்ன உணர்வைக் குறைந்தது இரண்டு முறை தன் சொற்களில் திருப்பிச் சொல்வார்.' இதைப் பார்க்கலாம், எண்ணலாம்.

(அறிவுரை என்பது அறுவுரை என்று டைப் ஆகிவிட்டது. இருக்கட்டும், பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

ஒரு எச்சரிக்கை. டிக் அடிக்கிற பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டாம் மாதமே கண்டுபிடித்துவிட்டார்கள்: கதவைத் திறந்ததும் 'உங்க கஷ்டம் எனக்குப் புரியுது', கிளம்பும்போது இன்னொரு தடவை 'உங்க கஷ்டம் எனக்குப் புரியுது'. இரண்டு டிக். நோயாளி என்ன கஷ்டம் என்று இன்னும் வாயே திறக்கவில்லை! அதனால் பட்டியலுக்குக் கீழே ஒரு பெட்டி வையுங்கள்: 'மொத்தத்தில் இவரிடம் உங்கள் வீட்டு ஆளை அனுப்புவீர்களா?' அதற்குத் தனி மார்க்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம். அழுத பிள்ளை நடித்தாளா, அவள் வீட்டுக் கதையா? சொந்தக் கதையை மார்க் போடுகிற இடத்தில் எடுக்க விடாதீர்கள். ஸ்கிரிப்ட் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

---

கோப்பு தூக்கி:

நான் அந்தச் சிவப்பு மை ஜாதி. திட்டுங்கள், பழகிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும். கே-1 முதல் கே-6 வரை என்பது பெஞ்சமின் ப்ளூம் என்ற கல்வியாளரின் குழு 1956-ல் போட்ட அறிவுப் படிக்கட்டு, 2001-ல் மாற்றி அடுக்கினார்கள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல் என்று போகும். ஆனால் அதே ஆட்கள் 1964-ல் உணர்வு, மனப்பான்மைக்கென்று தனிப் படிக்கட்டே போட்டார்கள். கவனம் கொடுப்பதில் தொடங்கி, அந்த மதிப்பே ஆளின் குணமாகிவிடுவது வரை ஐந்து படி. நம் படிவத்தில் அந்தப் பக்கத்துக்குக் கட்டமே இல்லை. பரிவைக் கொண்டுபோய் 'கே' எழுத்துக்குள் திணிக்கச் சொன்னால் அது 'பரிவு என்றால் என்ன, விளக்குக' என்ற கேள்வியாகத்தான் வெளியே வரும். உங்கள் பையன் 24 வாங்கினது அப்படித்தான்.

கே-3 போட்டு அனுப்புங்கள். மின்ட் மேடம் எழுதிய வரி அப்படியே போகும். யாரும் திருப்ப மாட்டார்கள்.

---

ஓட்டேரி பழைய ஆள்:

அம்மா, நான் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். பிள்ளைகளுக்கு சூப்பர்விஷன் பார்த்து ரிட்டயர் ஆனவன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மனநிலைப் பரிசோதனையில் பழமொழி கேட்போம் இல்லையா, நோயாளிக்கு மறைபொருள் பிடிபடுகிறதா என்று பார்க்க. ஒரு டிரெய்னி, கெட்டிக்காரி, ஒரு மீன்பிடித் தொழிலாளியிடம் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே'க்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலை வரி மாறாமல் எழுதி வைத்திருந்தாள், அந்த ஒழுங்குக்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும்: "ஆழம் தெரியாம எவம்மா கால உடுவான்? கயித்துல குண்டு கட்டி உட்டுப் பாப்போம். இப்ப போட்டுக்கே மிசின் வந்துடுச்சு." கீழே அவள் முடிவு: சிந்தனை பொருள்நிலையிலேயே நிற்கிறது, அருவச் சிந்தனை குறைவு.

நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். படிவத்தின்படி எல்லாம் சரி. பழமொழி கேட்டாளா, கேட்டாள். பதிலை எழுதினாளா, எழுதினாள். அப்புறம்தான் 'தொழில்' என்ற கட்டத்தைப் பார்த்தேன். அந்த ஆளுக்கு அது பழமொழியே இல்லை, தினம் காலையில் செய்கிற வேலை. அவரிடம் நெல்லைப் பற்றியோ நூலைப் பற்றியோ கேட்டிருக்க வேண்டும். மறுநாள் 'யானைக்கும் அடி சறுக்கும்' கேட்கச் சொன்னேன். "பெரிய மனுசனும் தப்பு பண்ணுவான், இதுல என்னா இருக்கு" என்றார் மனிதர்.

அன்றிலிருந்து என் படிவத்தில் 'பழமொழி கேட்டுப் பதிவு செய்வார்' என்ற வரியை அடித்துவிட்டு, 'பதிலை நோயாளியின் தொழில், படிப்பு, பேச்சு வழக்கோடு சேர்த்து வைத்துப் பொருள் சொல்வார்' என்று எழுதினேன். நோக்கத்தை எழுதும்போது மாணவர் என்ன செய்வார் என்பதோடு நின்றுவிட்டால், பிழையான முடிவையும் முழு மார்க்கோடு அனுப்பிவைப்போம்.

ஜார்ஜ் மில்லர் 1990-ல் டாக்டர் படிப்புக்காக ஒரு கோபுரம் வரைந்தார், உங்களுக்கும் அது போதும். அடியில் 'தெரியும்'. அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்'. அப்புறம் 'செய்து காட்டுவார்'. உச்சியில் 'செய்கிறார்', அதாவது யாரும் பார்க்காதபோதும். உங்கள் பையன் இரண்டாவது படியில் நிற்கிறான், அந்தப் பெண் மூன்றாவதில். நான்காவதை ரோல் பிளேயில் பார்க்கவே முடியாது, நிஜக் கிளையன்ட்டின் சம்மதத்தோடு பதிவு செய்த செஷன் வேண்டும். எம்.எஸ்சி.யில் மூன்றாவது படியோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை. அமெரிக்காவில் 2009-ல் உளவியல் பயிற்சிக்குத் திறன் அளவுகோல் போட்டபோதுகூட ஒரே திறனை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: களப்பயிற்சிக்குப் போகுமுன் எவ்வளவு, இன்டர்ன்ஷிப்புக்கு முன் எவ்வளவு, தனியாகத் தொழில் பார்க்குமுன் எவ்வளவு. முதல் கட்டத்து ஆளை மூன்றாம் கட்ட அளவுகோலில் அளந்தால் எல்லாரும் ஃபெயில்தான்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனுக்கு நீ 4 போட்டது அவனுக்கு முதல் தடவையா? முதல் தடவை செய்ததற்கு மார்க் போடலாமா? நான் முதல் மூன்று மாதம் மார்க்கே போட மாட்டேன். "உன் செஷனில் படுமோசமான பத்து நிமிடத்தைக் கொண்டு வா" என்பேன். மார்க் உண்டு என்று தெரிந்தால் நல்ல பத்து நிமிடத்தைத்தான் கொண்டு வருவார்கள். சொல்லிக் கொடுக்கிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் பிள்ளைகள் தப்பை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

---

புளியந்தோப்பு மழைத்தண்ணி:

மேடம், நான் உங்கள் பக்கம் இல்லை, பெஞ்சுப் பக்கம். எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடம், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சலர்.

படித்த இடத்தின் பெயர் வேண்டாம். பத்து கேஸ் ரெக்கார்டு எழுதினால்தான் வைவா. ஏழு கேஸ் நிஜம். மூன்று கேஸ் என் கற்பனை, எங்கள் தெருவில் இருக்கிறவர்களை வெட்டி ஒட்டினது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும் மேடம். வைவாவில் அந்தக் கற்பனைக் கேஸைத்தான் பாராட்டினார்கள், அது மட்டும் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்ததே!

இன்னொன்று. எங்களுக்கு ரோல் பிளே முழுக்க இங்கிலீஷ். 'ஐ ஹியர் யூ சேயிங்' என்று ஆரம்பித்து நன்றாகவே செய்வேன். வேலைக்குப் போன முதல் வாரம் எட்டாவது படிக்கிற பையன் வந்து, "மிஸ், மனசு ஒரே பேஜாரா கீது" என்றான். பேஜார் என்றால் சோகமா, பயமா, எரிச்சலா, அலுப்பா? எங்கள் வீட்டில் தினம் புழங்குகிற வார்த்தை, ஆனால் அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ-9 கேள்வித்தாளில் ஒன்பது கேள்வி இருக்கிறது, மொத்தம் 27 மார்க், பேஜாருக்கு ஒரு கட்டம் கிடையாது. கடைசியில் "பேஜார்னா எப்டிடா இருக்கும், சொல்லு" என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னான்.

அந்தக் காசிமேட்டுப் பெண்ணுக்கு 11 வந்தது எந்த மொழியில் எழுதின பரீட்சையில் என்று பாருங்கள்.

---

கொருக்குப்பேட்டை கேட்:

எல்லாருக்கும் நன்றி. பதில் போடப் பத்து நாள் ஆகிவிட்டது.

முதலில், அழுத பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். அவள் வீட்டுக் கதைதான். எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஸ்கிரிப்ட் நானே எழுதுகிறேன், தமிழில். ஓட்டேரி ஐயா, ஆமாம், இரண்டு பேருக்கும் அது முதல் தடவைதான். அந்த 4-ஐயும் அடித்துவிட்டேன், 9-ஐயும் அடித்துவிட்டேன். 9 போனதில் அந்தப் பெண்ணுக்கு வருத்தம். நியாயமான வருத்தம்.

சி.ஓ. இப்படிப் போயிருக்கிறது: 'பத்து நிமிட நேர்காணலில் கிளையன்ட்டின் மொழியிலேயே அவர் உணர்வைத் திருப்பிச் சொல்வார், மௌனத்தை அவசரமாக உடைக்காமல் இருப்பார், தான் எந்த இடத்தில் தவறினார் என்பதை வீடியோவில் சுட்டிக்காட்டுவார்.' கே-3. திரும்பி வரவில்லை. கோப்பு சார், வாழ்க.

25 மார்க்கில் எழுத்துத் தேர்வுக்கு 10, ரோல் பிளேக்கு 10, தன் வீடியோவைத் தானே பார்த்து எழுதும் குறிப்புக்கு 5. குறிப்பைத் தமிழிலும் எழுதலாம். ரோல் பிளே மூன்று தடவை, முதல் தடவைக்கு மார்க் இல்லை.

மார்க் போட இரண்டு பேர் என்று வைத்தேன். நானும், சோஷியல் வொர்க் டிபார்ட்மென்ட் மேடமும். போன சனிக்கிழமை ஒரே மாணவிக்கு நான் 8, அவர் 4. டீ ஆறிப்போகும் வரை சண்டை. மாணவி கண்ணோடு கண் பார்க்கவில்லை என்பதற்காக அவர் குறைத்திருக்கிறார். நான் வீடியோவை ஓட்டிக் காட்டினேன்: கிளையன்ட்டாக உட்கார்ந்தவர் வயதில் மூத்தவர், குடியைப் பற்றிப் பேசும்போது அவரே தரையைப் பார்க்கிறார், இவளும் தரையைப் பார்க்கிறாள். அந்த மேடம் 6 ஆக்கினார். நானும் 7-க்கு இறங்கினேன், ஏனென்றால் அவள் கடைசி மூன்று நிமிடம் கேள்வியாகவே கேட்டதை நான் கவனிக்கவே இல்லை. இனி மார்க் போடுவதற்கு முன் இரண்டு பேரும் ஒரு பழைய வீடியோவைப் பார்த்து மார்க் போட்டு ஒப்பிட்டுக்கொள்வதாக ஒப்பந்தம்.

அந்தப் பையன் இரண்டாவது தடவையில் ஒன்பது வினாடி பொறுத்தான். அப்புறம், "எல்லாம் சரியா..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்தி, "சாரி, நீங்க சொல்லுங்க" என்றான். குறிப்பில் அந்த இடத்துக்கு நேரம் போட்டு எழுதியிருக்கிறான்: 4 நிமிடம் 12 வினாடி. அதற்கு முழு 5 கொடுத்தேன்.

மூன்றாவது ஸ்கிரிப்டுக்கு அறுபது வயதுக்கு மேல் ஒரு ஆண் வேண்டும். ரிட்டயரான போட் டிரைவர் வேடம். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. சம்பளம் இல்லை, டீயும் மசால் வடையும் உண்டு. யாராவது?

---

ஓட்டேரி பழைய ஆள்:

நான் வருகிறேன். எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா?